சுண்ணாம்பு பூசாத கற்கள்

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு எது தெரிய வேண்டும் என்றாலும் கங்காணி அக்காவைத்தான் கேட்பார்கள். லயத்து வரிசை வீடுகளில் எந்தக் காம்பராவில் யார் குடியிருக்கிறார்கள், நாளைக்கு எந்த மலையில் கொழுந்து, ஹட்டன் பஸ் போய்விட்டதா, பிள்ளைக்குச் சளி கட்டினால் எந்த இலையை அரைப்பது, செத்துப்போன பெரிய கங்காணிக்கு எத்தனை பெண்டாட்டி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். கையில் இருக்கும் வேலை நிற்காது. திசை காட்ட வேண்டுமானால் தாடையை மட்டும் அந்தப் பக்கம் தூக்குவார்.

நான் அங்கே போனது மேசன் வேலைக்கு, கையாளாக. லயத்துச் சனங்களுக்குத் தனி வீடு கட்டும் வேலை மேல் மலையில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் நோட்டன் பிரிட்ஜில் ஒரு கன்டீனில் தட்டுக் கழுவினேன். கொழும்பில் ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். நானுஓயா ஸ்டேஷனில் வேனுக்கு ஆள் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஒரு மழைக்காலத்தை ஒரே கூரையின் கீழ் முழுதாகக் கழித்தது எனக்குக் குறைவு.

போன முதல் நாளே அக்காவிடம் வழி கேட்டேன். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மேலே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் கங்காணியாக வருவது அந்தப் பக்கத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வீடு கட்டும் இடம் எங்கே என்றேன். தாடை உயர்ந்தது. நான் அந்த மலையில் ஏறினேன். மேலே ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரண்டு மாடுகளும் இருந்தன. மழையில் நனைந்து இறங்கி வந்தபோது அக்கா கொஞ்சமும் கலங்கவில்லை.

"அப்ப எடத்தை மாத்திட்டாங்க போல. இந்தப் பக்கம் போங்க தம்பி," என்று எதிர்ப்பக்கம் தாடையைத் தூக்கினார். அந்த முறை சரியாக இருந்தது.

பொய் சொல்லும் புத்தி அவருக்கு இல்லை. எங்கள் ஆட்களின் பழக்கம் அது. வந்து கேட்டவரை வெறுமனே அனுப்பக் கூடாது. வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட "இல்லை" என்று சொல்ல மாட்டோம், "நெறைஞ்சிருச்சு" என்போம். பக்கத்து வீட்டுக்காரி கடன் கேட்டு வந்தால் "இருங்க" என்று உட்கார வைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போய் இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கிக் கொடுப்போம். அந்தப் பழக்கத்தைக் கங்காணி அக்கா பேச்சிலும் வைத்திருந்தார். கேள்வியோடு வந்தவரும் விருந்தாளிதான் அவருக்கு.

கோத்தகிரியிலிருந்து அந்த மனிதர் வரும்வரை இப்படித்தான் இருந்தது.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தலை முழுக்க நரைத்துப்போய், சட்டைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டு, ஒரு துணிப்பையோடு. சின்ன வயதில் இந்த லயத்தில் இருந்தவர். அம்மா இங்கே செத்துப்போன பிறகு அப்பாவோடு கோச்சியேறி, கப்பலேறி, இந்தியா போய், அங்கேயும் தேயிலைக் காட்டில்தான் வாழ்ந்திருக்கிறார். அம்மாவின் குழியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று வந்திருந்தார். மறுநாள் காலையில் கொழும்புக்குத் திரும்ப வேண்டும்.

லயமே அவரைச் சுற்றி நின்றது. ஒருவர் ரொட்டி கொண்டு வந்தார், ஒருவர் நாற்காலி. குழி எங்கே என்று கேட்டதும் எல்லாரும் அக்காவைத்தான் பார்த்தார்கள்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். இந்தியா போனவரின் மனைவியைக் கான் ஓரத்தில் புதைத்ததாகத் தன்னுடைய அப்பா எப்போதோ சொன்ன ஞாபகம். கான் என்றால் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். எல்லாரும் மயானத்துக்கு நடந்தோம், தேயிலைக்கு நடுவே ஒரு சரிவு அது. வேலிக்குள்ளே மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். அங்கே யாருக்கும் கல்லறை கிடையாது. புதைத்த அன்றைக்கு ஒரு குச்சியும் ஒரு குரோட்டன் செடியும் நடுவார்கள். குச்சி விறகுக்குப் போகும், செடியை மாடு தின்னும். கான் ஓரத்தில் ஒரு மேடு தெரிந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்றார்.

"இதுதாங்கண்ணே உங்கம்மா."

அந்த மனிதர் அப்படியே விழுந்தார். முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி, ஏதேதோ சொல்லி அழுதார். நாங்கள் சுற்றி நின்றோம். அக்காவும் அழுதார். நானும்தான். தேங்காய் உடைத்து, கொஞ்சம் மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு அவர் போனார். போகும்போது அக்காவின் கையைப் பிடித்து, "தங்கச்சி, நீ இல்லன்னா நான் இதைப் பார்க்காமலே செத்திருப்பேன்," என்றார்.

மறுநாள் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் துணி துவைக்கும்போது மாரியாயி அம்மா சாதாரணமாகச் சொன்னாராம். பக்கத்துக் காம்பராக்காரர் மாரியாயி அம்மா, அக்காவைவிட வயதில் மூத்தவர். முதல் நாள் எங்களோடு மயானத்தில் நின்றவர்.

"அது எங்க வீட்டுக்காரர் குழி, புள்ள."

அக்கா துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாராம். அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மாரியாயி அம்மா சொன்ன பதிலை அக்கா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"அந்த மனுசனுக்கு நானே சரியா அழுகல. குடிச்சிட்டு அடிச்ச அடி அப்படி. யாரோ ஒருத்தர் வந்து விழுந்து விழுந்து அழுகுறாரு. அழுதுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்."

இதைக் கேட்டு நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கொழுந்து மலையில் அவர் சத்தமே கேட்கவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். யாராவது ஏதாவது கேட்டால் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை ஒருத்தி, ஹட்டன் பஸ் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறாள். அக்கா ரோட்டைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "தெரியாது."

அவள் பயந்துபோய் வீட்டுக்கு வந்து, கங்காணி அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள்.

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் அக்கா மண் தோண்ட ஒரு அலவாங்கையும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போனார். மாரியாயி அம்மா கூடப் போனார். சும்மா இருந்த நானும் போனேன். அன்றைக்குத் தொடங்கியதுதான். பின்னாளில் வந்த வரலாற்றுக் குழு என்ற பெயர் அப்போது யார் வாயிலும் இல்லை. மூன்று பேர் புல் வெட்டினோம், அவ்வளவுதான்.

அக்கா ஒரு வழி வைத்திருந்தார். ஒரு குழியைக் காட்ட இரண்டு வீட்டு ஆட்கள் வேண்டும். ஒருவர் வந்து காட்டும்போது இன்னொருவர் மேலே யூக்கலிப்டஸ் மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு அவர் இறங்கி வந்து தனியாகக் காட்ட வேண்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஒரு கல்லைப் புதைத்துச் சுண்ணாம்பு பூசுவோம். ஒத்துவராவிட்டால் கல் மட்டும், சுண்ணாம்பு கிடையாது. சுண்ணாம்பு நான் வேலை செய்த இடத்தில் வாளியின் அடியில் மிஞ்சியது.

இது ஏதோ பொலிஸ் விசாரணை மாதிரி இருந்தது. சனங்கள் முதலில் கோபப்பட்டார்கள். சொந்த மாமனாரைப் புதைத்த இடம் எனக்குத் தெரியாதா என்று ஒருவர் அலவாங்கைப் பிடுங்கி எறிந்தார். அவருடைய தம்பி அடுத்து வந்து வேறு இடத்தைக் காட்டினார். அண்ணனும் தம்பியும் அங்கேயே சண்டை போட்டார்கள். அக்கா அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து, இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு கல்லை வைத்தார். சுண்ணாம்பு பூசவில்லை.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. ஒண்ணும் கொறைஞ்சிட மாட்டீங்க," என்பார். இதையே எல்லாரிடமும் சொல்வார், ஒரே குரலில்.

செல்வாதான் பெயர் வைத்தான். த்ரீவீல் ஓட்டுகிற பையன், வாய் சும்மா இருக்காது. மயானத்துக்குப் போகிற எங்களைப் பார்த்து, "தெரியாது சங்கம் கெளம்பிருச்சு டோய்," என்று ஹோர்ன் அடிப்பான். லயம் முழுக்க அந்தப் பெயர் பிடித்துக்கொண்டது. அக்கா அவனை நிறுத்தி, உன் அப்பாவின் அப்பா எங்கே என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான்.

"தெரியாதுக்கா."

"அப்ப நீயும் சங்கந்தான். ஏறங்கு."

அவன் இறங்கினான். அதற்குப் பிறகு அவன்தான் கல் ஏற்றிக்கொண்டு வந்தான்.

கீழ்க் கிராமத்துச் சிங்களக் கடைக்காரர், நாங்கள் மாத்தயா என்று கூப்பிடுபவர், வந்தது இன்னொரு கதை. அவருடைய அப்பா அந்தக் காலத்தில் சவப்பெட்டி செய்யப் பலகை கொடுப்பாராம். அதனால் அவருக்குப் பழைய சாவுகள் ஞாபகம் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். கூட்டிக்கொண்டு வந்து காட்டச் சொன்னோம். அவர் சரிவில் மேலும் கீழும் நடந்தார். கடைசியில் கையை விரித்து, "தன்னே நே," என்றார். தெரியாது என்பதைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அக்காவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். அவரை லயத்துக்கு அழைத்துப் போய் சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். இத்தனை பேர் வந்ததில் யாரையும் தொந்தரவு பண்ணாமல் உண்மையைச் சொன்னது இந்த மனிதர் ஒருவர்தான் என்று எங்களிடம் சொன்னார். அன்றிலிருந்து போயா அன்று புத்தர் கோயிலான பன்சலைக்குப் போய்விட்டு, வெள்ளை உடுப்போடேயே ஒரு பிஸ்கட் பக்கட்டைத் தூக்கிக்கொண்டு மாத்தயா மயானத்துக்கு வந்துவிடுவார்.

பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர். அவர்தான் உள்ளூர் வரலாற்றுக் குழு என்று பெயர் சொல்லி, மூடிக்கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவைத் தோட்டத்தில் கேட்டு வாங்கிக் கொடுத்தார். பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. அங்கே கூடத் தொடங்கியதும் பேச்சு மயானத்தைத் தாண்டிப் போனது. எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள், யார் யார் இந்தியா போனார்கள், லயத்துக்குத் தீப்பிடித்தது எந்த மழைக்கு முன்னால், முதல் கோயில் எந்த மரத்தடியில். இரண்டு வீட்டுச் சாட்சி இதற்கும் உண்டு. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. சனங்களுக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. போயா அன்று சமைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பொல்பிட்டிய பக்கத்திலிருந்து ஒரு தோட்டத்து ஆட்கள் வேன் பிடித்து வந்து, எப்படிச் செய்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் மயானத்தில் புல் வெட்டத் தொடங்கினார்கள்.

எல்லாம் இனிப்பாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். கற்கள் கூடக்கூட ஒன்று தெரிந்தது. சரிவின் மேல் பாதியில் சில வீட்டு ஆட்கள், கீழ் பாதியில் சில வீட்டு ஆட்கள். செத்த பிறகும் சாதி பார்த்துத்தான் படுக்க வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இது தெரியும். இளையவர்களுக்குத் தெரியாது. செல்வாவுக்கு முகம் கறுத்துப்போனது. அவனுடைய ஆட்கள் கீழ் பாதி. இதைப் பற்றிக் குழுவில் பேச வேண்டாம், இப்போது யார் இதைப் பார்க்கிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். ஆசிரியரும் தயங்கினார். அக்கா மேல் பாதிக்காரர்.

"தெரியாததைத்தான் தெரியாதுன்னு சொல்லணும். தெரிஞ்சதையும் அப்படிச் சொன்னா, அது வேற," என்றார். கல் எங்கே விழுந்ததோ அங்கேயே இருந்தது. அவருடைய சொந்தக்காரர்கள் இரண்டு வீடு அதற்குப் பிறகு குழுவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் தன்னையும் விடவில்லை. சின்ன வயதில் அவருடைய தம்பி ஒருவன் காய்ச்சலில் போயிருந்தான். அவனைப் புதைக்கும்போது தானே பக்கத்தில் நின்றதாக அக்காவுக்கு நன்றாக ஞாபகம். யூக்கலிப்டஸ் மரத்துக்குக் கீழே, ஒரு பாறையின் பக்கத்தில். ஆனால் அதைச் சொல்ல இன்னொரு வீட்டு ஆள் உயிரோடு இல்லை. நான் சுண்ணாம்பு வாளியோடு நின்றேன். கண்ணால் பார்த்தது போதாதா என்று ஆசிரியர் கேட்டார்.

"அந்த அண்ணனுக்குக் காட்டினப்பவும் எனக்கு இப்படித்தான் நிச்சயமா இருந்துச்சு சேர்," என்றார் அக்கா. தம்பியின் கல்லுக்குச் சுண்ணாம்பு பூசவில்லை.

கோத்தகிரிக்காரரின் அம்மாவை மறக்காமல் தேடினோம். பெயர் சொல்லி, புருஷன் பெயர் சொல்லி, வீடு வீடாகக் கேட்டோம். ஒரு வயதானவர் மேலே என்றார். இன்னொருவர் கீழே என்றார். மூன்றாவது ஆள் இல்லை. இந்த வேலிக்குள் இருக்கிறார் என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று ஆசிரியர் சொன்னார். நேரில் பார்த்துக் காட்டியதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்றார் அக்கா. ஆனால் அவர் எங்கே இனி வரப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அவர் வருகிறார் என்று செல்வாவுக்குப் போன் வந்தது. மகள்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. அம்மாவின் பெயர் வெட்டிய கல் ஒன்றையும் கொண்டு வருகிறார். குழியின் மேல் கட்டி நிறுத்த வேண்டும், மேசன் ஒருவரும் கொஞ்சம் சீமெந்தும் ஏற்பாடு பண்ணச் சொன்னார். பால் ஊற்ற மாட்டுப்பாலும் வேண்டுமாம்.

பிள்ளைக்காம்பராவில் கூடினோம். அன்றைக்குப் பேசியது போல அந்த அறையில் எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டாம் என்றார்கள். கடலைத் தாண்டிக் கல்லைச் சுமந்துகொண்டு வருகிற ஒரு கிழவரிடம், அது உங்கள் அம்மா இல்லை என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகள் முன்னால் அவர் முகம் என்ன ஆகும்? நம் லயத்தைப் பற்றி என்ன நினைப்பார்? மாரியாயி அம்மாவுக்கும் ஆட்சேபம் இல்லை.

"வெச்சிட்டுப் போகட்டும். அந்த மனுசனுக்கும் ஒரு கல்லு கெடைச்ச மாதிரி இருக்கும்," என்றார்.

ஆசிரியர்கூட, சில விசயங்களில் ஆட்களின் மனதையும் பார்க்க வேண்டும் என்றார். அக்கா சுவரோரமாக உட்கார்ந்து, ஒரு சுள்ளியை உடைத்து உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, பால் எந்த வீட்டில் சொல்லியிருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதனால் அவரும் ஒத்துக்கொண்டார் என்று நினைத்தோம்.

நானும் செல்வாவும் ஒரு வேன் எடுத்துக்கொண்டு நானுஓயாவுக்குப் போனோம். நான் ஆள் கூப்பிட்ட அதே ஸ்டேஷன். கோச்சியிலிருந்து கல்லை இறக்க நான்கு பேர் தேவைப்பட்டது. சாக்கில் சுற்றியிருந்தார்கள். வரும் வழியெல்லாம் அவர் மகள்களுக்கு அந்த இடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். கான் ஓரம், சின்ன மேடு, அங்கிருந்து பார்த்தால் பெக்டரிக் கூரை தெரியும். மண்ணின் நிறம்கூடச் சொன்னார். செல்வா வழக்கமாகப் பாட்டுப் போடுவான். அன்றைக்குப் போடவில்லை.

அக்கா ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். துவைத்த சேலை கட்டியிருந்தார், கையில் கவ்வாத்துக் கத்தி. பின்னால் லயம் முழுக்க நின்றது. கோத்தகிரிக்காரர் வேனிலிருந்து இறங்கியதும் எல்லாரும், முதலில் தேத்தண்ணி குடியுங்கள் என்று சூழ்ந்தார்கள். அக்கா குறுக்கே வந்தார்.

"தேத்தண்ணி பெறகு குடிங்கண்ணே. குடிச்சிட்டா என்னால சொல்ல முடியாது. அன்னிக்கு நான் காட்டினது உங்கம்மா இல்லங்க. தெரியாம, தெரிஞ்ச மாதிரி காட்டிட்டேன்."

 பெரியவர் முதலில் புரியாத மாதிரி சிரித்தார். பிறகு மகள்களைப் பார்த்தார். பெரிய மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. விளையாட்டா இது, அப்பா எத்தனை நாளாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார் தெரியுமா என்று கேட்டாள். அக்கா தலையைக் குனியவில்லை. "என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்கம்மா," என்றார்.

பெரியவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அம்மா எங்கே என்று கேட்டார்.

"தெரியாதுங்கண்ணே. அந்த வேலிக்குள்ள. அவ்வளவுதான் தெரியும்."

"அப்ப நான் அன்னிக்கு அழுதது?"

 கூட்டத்துக்குள்ளிருந்து மாரியாயி அம்மாதான் முன்னால் வந்தார்.

"அது எங்க வீட்டுக்காரருக்குச் சேர்ந்திருச்சுங்கய்யா. அது அவரு குழி. எங்களால திருப்பித் தர முடியாது."

சின்ன மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. அந்தப் பெரியவர் மாரியாயி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். மாரியாயி அம்மா புருஷன் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, செல்வாவைச் சொல்லச் சொன்னார்.

பிறகு அவர் எழுந்து பால் செம்பை வாங்கிக்கொண்டார். "வேலிக்குள்ளதானே இருக்காங்க? அப்ப வேலிக்குள்ள முழுக்க ஊத்துறேன்," என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். அக்கா முன்னால் மானாப்புல்லை வெட்டி வழி பண்ணிக்கொண்டே போனார். மேலே ஒரு ஓரத்தில் தொடங்கி, கொழுந்து எடுக்கிற நிரை மாதிரி குறுக்கே போய், திரும்பி, அடுத்த நிரை. சுண்ணாம்புக் கல் வந்தால் அக்கா அது யார் என்று சொல்வார். பெரியவர் ஒரு சொட்டு ஊற்றுவார். சுண்ணாம்பு இல்லாத கல்லில் அக்கா பேசாமல் நிற்பார். அங்கேயும் ஒரு சொட்டு. கல்லே இல்லாத இடத்திலும். மாரியாயி அம்மாவின் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. "போதுங்கய்யா, அவருக்குப் பாலெல்லாம் புடிக்காது," என்றார் மாரியாயி அம்மா.

பாதிச் சரிவு வருவதற்குள் பால் தீர்ந்துவிட்டது. கறந்த வீட்டில் அவ்வளவுதான் இருந்தது. யாரும் சொல்லாமலே பெண்கள் லயத்துக்கு ஓடினார்கள். ஒருத்தி பால்மாவைக் கரைத்துக் கோப்பையில் கொண்டு வந்தாள். அடுத்து இன்னொருத்தி. குழந்தைக்கு வைத்திருந்ததையும் கொண்டு வந்தார்கள். கட்டி கட்டியாக இருந்த பால்மாவை மாத்தயா விரலால் கலக்கிச் செம்பில் ஊற்றினார். கீழ் பாதிக்கு வந்தபோது பின்னால் பெரிய வரிசை நடந்துகொண்டிருந்தது. குழுவை விட்டுப்போன அந்த இரண்டு வீட்டு ஆட்களில் ஒரு கிழவரும் அதில் இருந்தார். அவரவருக்கும் இருக்கும் இடம் தெரியாத யாரோ ஒருவர் அந்த வேலிக்குள் இருந்தார்கள்.

கல்லை அன்றைக்கு நிறுத்தவில்லை. கண்டுபிடித்தால் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது இப்போதும் பிள்ளைக்காம்பராச் சுவரில் சாய்ந்து நிற்கிறது என்று செல்வா போனில் சொல்கிறான். நான் அந்த வருசமே வேறு வேலை பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அக்காவைப் பற்றி நினைக்கும்போது எனக்கு வருவது கடைசி நிரை முடிந்த அந்த இடம்தான்.

கீழ் வேலி ஓரத்தில் செம்பைக் கவிழ்த்தார் பெரியவர். கால் முழுக்கச் சேறு, கையெல்லாம் புல் கிழித்த கீறல். மூச்சு வாங்கியது. அக்காவிடம் கேட்டார்.

"எங்கம்மாவுக்குக் கெடைச்சிருக்குமா தங்கச்சி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாங்கள் எல்லாரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றோம். மாரியாயி அம்மா அக்காவின் முழங்கையை லேசாகத் தொட்டார். அக்கா மேலே திரும்பி, வெட்டிக் கிடந்த புல்லையும், அதில் எங்கள் காலடி போட்டிருந்த தடத்தையும், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார்.

"நாம மிதிக்காத எடம் ஒண்ணும் மிச்சம் இல்லங்கண்ணே," என்றார். "அது எனக்குத் தெரியும்."